தோற்பதற்கென்று எழுதிய மசோதா

நான் எழுதிய மசோதா ஒன்றுகூட அவையில் ஜெயித்ததில்லை. அந்தக் காலத்தில் இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன். ஏனென்றால் எனக்குச் சம்பளமே தோற்பதற்குத்தான்.

எதிர்க்கட்சி அலுவலகத்தில் உரையும் மசோதாவும் எழுதுகிற வேலை. சட்டமன்றக் கட்டடத்தின் பின்பக்கம், கேன்டீன் புகைபோக்கிக்கு மேலே எங்கள் அறை. நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி நான் எழுதியதிலெல்லாம் லேசாக வெங்காயம் வதங்கும் வாசனை இருக்கும். எங்களுக்கு அவையில் பெரும்பான்மை கிடையாது. நாங்கள் எதைக் கொண்டுபோனாலும் ஆளுங்கட்சி கை தூக்கித் தோற்கடித்துவிடும். அப்புறம் எதற்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பவர்கள் எங்கள் கொறடாவைச் சந்தித்ததில்லை என்று அர்த்தம்.

கொறடா என்றால் கட்சிக்காரர்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்டளையிடுகிறவர். எங்களுடையவர் குள்ளம், நரைத்த மீசை, குரலை உயர்த்தியே பேசமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே பாடம் எடுத்துவிட்டார். எல்லோருக்கும் பிடித்த ஒரு நல்ல காரியத்தை எடுத்துக்கொள். அதைச் சட்டமாக்கச் சொல்லிக் கேள். ஆளுங்கட்சியால் விழுங்க முடியாத ஒரு முள்ளை அதற்குள் வை. அவர்கள் வேண்டாம் என்பார்கள். உடனே பெயர் சொல்லி வாக்கெடுப்புக் கேள். யார் யார் வேண்டாம் என்றார்கள் என்று பதிவாகிவிடும். அதற்குப்பின் அந்தப் பெயர்களைத் தெருத்தெருவாக ஒட்டுவது மற்றவர்கள் வேலை.

“மசோதா ஜெயிச்சா ஒரு நாள் செய்தி, புலவரே. தோத்தா தேர்தல் வரைக்கும் சோறு.”

என்னைப் புலவரே என்றுதான் கூப்பிடுவார். பாராட்டு இல்லை என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

லிஃப்ட் மசோதா என் யோசனை. என் அத்தானின் யோசனை என்றும் சொல்லலாம், அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன் என்பதைத் தவிர. அக்காவும் அத்தானும் எட்டாவது மாடியில் குடியிருந்தார்கள். அத்தான் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒரு காலை பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது, பிறகு அவரும் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் பயிற்சி கொடுத்தால் கை திரும்பும், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்றார் மருத்துவர். அக்கா தினமும் அவரைப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கட்டை விரல் அசைய ஆரம்பித்த வாரத்தில் லிஃப்ட் நின்றது.

வீட்டு உரிமையாளர் நல்ல மனிதர், கேட்டபோதெல்லாம் பதில் சொன்னார். ஒரே பதில்தான். உதிரி பாகம் வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறை அத்தானை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஐந்தாவது மாடியில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. நல்லவேளை, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தப்பித்தார்கள். அதன்பிறகு அத்தான் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். தினம் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு நகர நெரிசலில் ஓட்டியவருக்குத் தன்னை நாலு பேர் ஓட்டுவது பொறுக்கவில்லை. பயிற்சியாளரும் ஒரு நாள் மேலே ஏறி வந்தார். அந்த ஒரு நாளிலேயே அவருக்குப் பயிற்சி போதுமென்றாகிவிட்டது.

இதை, யார் என்று சொல்லாமல், கட்சிக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொன்னேன். கொறடா பேனாவை மூடினார். நகரத்தில் எத்தனை கட்டடம், எத்தனை லிஃப்ட், எத்தனை ஓட்டு என்று அவர் மனதுக்குள் கூட்டுவது எனக்குக் கேட்டது. மறுநாளே எழுதினேன். பழுதான லிஃப்டை மூன்று நாளில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் சரியாகும்வரை அந்தக் கட்டடத்தில் யாரும் வாடகை தர வேண்டாம். அந்த இரண்டாவது வாக்கியம்தான் முள். கட்டட உரிமையாளர்கள் சங்கமும் ஆளுங்கட்சியும் சம்பந்தி முறை. கனவில்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அவ்வளவு அழகாகத் தோற்கக்கூடிய மசோதாவை அதற்கு முன் நான் எழுதியதில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின ஞாயிறு எட்டு மாடி ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா, நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். டி.வி.யில் பார்த்தாளாம். லிஃப்டுக்குச் சட்டம் வருகிறதாம், எதிர்க்கட்சி கொண்டுவருகிறதாம்.

“நீதானே எழுதின? எப்படா வரும்?”

தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். இன்னொரு டம்ளர் கேட்டேன். அதையும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மூன்றாவது டம்ளர் கேட்க வயிற்றில் இடமில்லை. எனவே உண்மையைச் சொன்னேன். வராது, அக்கா. தோற்கும். தோற்க வேண்டும். அப்போதுதான் தேர்தலில் நாங்கள் ஜெயிப்போம், ஜெயித்து வந்து நிஜமாகவே சட்டம் போடுவோம். சொல்லச் சொல்ல, அலுவலகத்தில் அத்தனை கெட்டிக்காரத்தனமாக இருந்த விஷயம் அவள் வீட்டு வரவேற்பறையில் எப்படி இவ்வளவு இளைத்துப்போனது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அப்ப ஃபெயிலாகறதுக்குன்னே ட்யூஷன் வெச்சுப் படிக்கிறீங்களா எல்லாரும்?” என்றாள் அக்கா.

அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பேச்சு இன்னும் முழுதாகத் தெளியவில்லை, ஒவ்வொரு வார்த்தையையும் கியர் மாற்றி மாற்றித்தான் கொண்டுவருவார்.

“தேர்தல்... எப்ப?”

“அஞ்சு மாசம் இருக்கு, அத்தான்.”

அவர் இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலை மடக்கினார். மருத்துவர் சொன்ன ஆறு மாதத்தில் அவருக்கு மிச்சமிருந்தது மூன்று. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடு என்று ஜாடை காட்டினார்.

வாக்கெடுப்பு நாள் காலையில் காப்பி எந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் தம்பி என்றது. விசில் டீச்சர். ஆளுங்கட்சி உறுப்பினர். அரசியலுக்கு வருமுன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விசிலை விட்டு வருஷக்கணக்காகியும், அவர் பேச ஆரம்பித்தால் சுற்றியுள்ளவர்கள் தங்களையறியாமல் வரிசையில் நின்றுவிடுவார்கள். அவர் தொகுதி முழுக்க அடுக்குமாடிகள்.

சுற்றிவளைக்காமல் சொன்னார். அந்த மூன்று நாளை முப்பது நாளாக்கு. வாடகை நிறுத்தத்தை எடுத்துவிட்டு ஒரு சின்ன அபராதம் வை. இப்படி ஒரு திருத்தம் நான் கொண்டுவருகிறேன். மசோதாவைக் கொண்டுவந்த உங்கள் ஆள் அதை ஏற்றுக்கொண்டால் என்னோடு பன்னிரண்டு பேர் வருவார்கள். சட்டம் நிறைவேறிவிடும்.

கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டியது. உங்கள் கட்சி எப்படி விடும் என்று கேட்டேன்.

“விடாதுதான். ஆனா எங்க பேரை நீங்க சுவத்துல ஒட்டப்போறீங்களே, அதுக்குப் பயந்து பாதி பேரு வர்றாங்க.”

“மீதி பாதி?”

“மாடியில குடியிருக்காங்க தம்பி.”

எங்கள் உத்தி எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்றால், அது எங்களையே கவிழ்க்கிற அளவுக்கு வேலை செய்துவிட்டது. கொறடாவின் அறைக்கு ஓடினேன். ஓடும்போது எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த வேலையில் அத்தனை வருஷம் இருந்துவிட்டு, ஜெயிக்கலாம் என்று சொன்னால் அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

முழுதாகக் கேட்டார். பிறகு நாற்காலியைக் காட்டினார். கெட்ட செய்தி என்றால் உட்காரவைத்துத்தான் சொல்வார்.

முப்பது நாள், சின்ன அபராதம் என்றால் அது சட்டமில்லை, வேண்டுகோள் என்றார். உரிமையாளர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள். லிஃப்ட் ஓடும், மறுபடி நிற்கும், மறுபடி முப்பது நாள். ஆனால் சட்டம் போட்டாயிற்று என்று ஆளுங்கட்சி மார்தட்டும். லிஃப்டைப் பற்றிப் பேச எங்களுக்கு வாயிருக்காது. தோற்றால் ஆட்சிக்கு வருவோம், வந்து மூன்று நாள் சட்டம் போடுவோம், லட்சம் குடும்பத்துக்கு. அவர் சொன்னதில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

என் அத்தானைப் பற்றிச் சொன்னேன். கூட்டத்தில் சொன்னது உதாரணம் இல்லை, என் அக்கா வீட்டுக்காரர் என்றேன். கொறடா கண்ணாடியைக் கழற்றினார்.

“அஞ்சு மாசத்துக்கப்புறம் அவர் கை?”

“திரும்பாது ஐயா.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஒரு கையா, லட்சம் வீடான்னு கணக்குப் போட்டுத்தான் நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இந்தக் கணக்கு எனக்கு இனிக்குதுன்னு மட்டும் நினைச்சுடாத.”

புலவரே என்று கூப்பிடவில்லை. திருத்தத்தை மறுத்து ஓர் உரை எழுதி, மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரிடம் கொடுக்கச் சொன்னார்.

அந்த உறுப்பினர் பல் டாக்டர். நிஜப் பல் டாக்டர், முதல்முறை ஜெயித்து வந்தவர். அவர் பெயரில் மசோதாவைக் கொண்டுவந்ததற்கு ஒரே காரணம், எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் வாசிப்பார். ஒருமுறை நான் ஓரத்தில் ‘இங்கே தண்ணீர் குடிக்கவும்’ என்று குறித்திருந்ததையும் வாசித்தார். அவைத் தலைவர் அனுமதித்தார். எங்கள் அவை விதிப்படி, ஒரு திருத்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் மசோதாவைக் கொண்டுவந்தவர் மட்டும்தான். கொறடாவோ கட்சித் தலைவரோ அங்கே வாய் திறக்க முடியாது. வாசிக்கிறவர்தானே என்று யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

மறுப்புரையை எழுதிக்கொண்டு போனேன். கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அவர் வாசித்திருப்பார். கதவுவரை போய்த் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னேன். விசில் டீச்சர் சொன்னது, கொறடா சொன்னது, கொறடா சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது, இதில் எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது என்பது. என் வார்த்தையை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன், நல்ல தராசு இல்லை.

பல் டாக்டர் யோசித்தார். யோசிக்கும்போது அவர் பார்வை என் வாய்க்குள் போவதை நிறுத்த முடியாது, தொழில் பழக்கம்.

“வலிக்குதுன்னு வந்து உக்கார்றவங்ககிட்ட, அடுத்த வருஷம் வாங்க, தங்கத்துலயே கட்டித்தரேன்னு நான் சொன்னதில்ல,” என்றார். “ஆனா அவசரத்துல அடைச்சுவிட்டு, உள்ளுக்குள்ள புரையோடி, முழுப் பல்லும் போனதும் உண்டு. ரெண்டும் பார்த்திருக்கேன்.”

பிறகு இன்னொரு உரையும் எழுதித் தரச் சொன்னார். ஏற்கிறேன் என்று ஒன்று, மறுக்கிறேன் என்று ஒன்று. எதை வாசிப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வாராம். நேரம் இல்லை. முதல் பத்தி இரண்டுக்கும் ஒன்றேதான், கடைசியில் மட்டும் வித்தியாசம். சோம்பேறித்தனம்தான்.

பிற்பகலில் அவை நிறைந்திருந்தது. அதிகாரிகளுக்கான கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான். விசில் டீச்சர் எழுந்து திருத்தத்தைப் படித்தார். அவருடைய கட்சித் தலைவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த தேர்தலுக்கு அவருக்கு வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தது. அவைத் தலைவர், மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் கருத்து என்ன என்று கேட்டார். பல் டாக்டர் எழுந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

மதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே என்று தொடங்கினார். முதல் பத்தி. என் சோம்பேறித்தனத்தை நான் அவ்வளவு சபித்ததில்லை. மக்களின் துயரம், அவையின் மாண்பு, படிக்கட்டில் தவிக்கும் முதியோர் என்று நான் எழுதியிருந்த அலங்காரத்தையெல்லாம் நிறுத்தி நிதானமாக வாசித்தார். கொறடா சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். முதல் பத்தி முடிந்தது. பல் டாக்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஆகவே இத்திருத்தத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.”

கொறடாவின் கண் திறந்தது.

அடுத்து நடந்தது எங்களைப்போன்ற ஆட்களுக்கு மட்டுமே நேரக்கூடியது. மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போடுங்கள் என்று அன்று காலையே எங்கள் உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் கொறடா கட்டளை அனுப்பியிருந்தார். எங்கள் மசோதா ஆயிற்றே. அது ஜெயித்துத் தொலைத்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. லிஃப்ட்தான் உயிர் என்று வாரக்கணக்காக மேடையில் கதறியவர்கள், டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பின்வரிசையில் ஒருவர் பக்கத்தவரிடம் நாம இப்ப எந்தப் பக்கம் என்று கேட்டது ஒலிவாங்கியில் விழுந்தது. எல்லோரும் கொறடாவைப் பார்த்தார்கள். அவர் மெல்ல எழுந்தார். கை தூக்கினார். ஒரு கல்லைத் தூக்குவதுபோலத் தூக்கினார். எங்கள் பக்கம் முழுவதும், துக்க வீட்டு முகத்தோடு, ஆதரவாகக் கை தூக்கியது. விசில் டீச்சருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர்.

மூன்று ஓட்டில் ஜெயித்தோம். எங்கள் பக்கம் ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டல் கேட்டது ஆளுங்கட்சி பின்வரிசையில். அவைத் தலைவர் முடிவை அறிவித்த கையோடு அமைச்சர் எழுந்து, இது அரசின் சாதனை என்றார்.

கொறடா என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பல் டாக்டர் எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டது ஒரு காரணம். இரங்கல் தீர்மானப் பிரிவுக்கு மாற்றினார். யாராவது இறந்தால் அவை இரங்குவதற்கு வாசகம் எழுத வேண்டும். அன்றிலிருந்து நான் எழுதுவதெல்லாம் ஒருமனதாக நிறைவேறுகிறது.

உரிமையாளர் சட்டத்தை மதிக்கிற மனிதர். முப்பதாவது நாள் உதிரி பாகம் வந்துவிட்டது. அத்தான் கீழே இறங்கினார். மறுபடி பயிற்சி. கட்டை விரல் வந்தது, பிறகு பக்கத்து விரல்கள் இரண்டு. மற்ற இரண்டும் வரவில்லை. பேருந்து ஓட்ட முடியாது, ஆனால் பணிமனையில் நேர அட்டவணை எழுதுகிற வேலை கொடுத்தார்கள். பேனா பிடிக்கிறார். எழுத்து ஒரு பக்கமாகச் சாயும், அதைப் பார்த்தால் பேருந்தே சாய்ந்து போகும்போல இருக்கிறது என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

தேர்தலில் நாங்கள் தோற்றோம். நாலே நாலு இடத்தில் ஆட்சி கைநழுவியது. நாலும் அடுக்குமாடித் தொகுதிகள். கட்சி சீட்டுக் கொடுக்காமல் சுயேச்சையாக நின்ற விசில் டீச்சர் அதில் ஒன்றில் ஜெயித்தார்.  

ஒரு சனிக்கிழமை மாலை கொறடா, உன் அக்கா வீடு எங்கே என்று கேட்டார். கூட்டிப்போனேன். லிஃப்டில் இரண்டு பேரும் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு போனோம். யாரென்று சொன்னதும் அக்கா முகம் இறுகியது, ஆனாலும் காப்பி போட்டாள். கொறடா அத்தான் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினார். அத்தான் வலது கையைக் கொடுத்தார். மூன்று விரல் பிடித்தது, இரண்டு விரல் சும்மா இருந்தது. கொறடா உடனே கையை எடுக்கவில்லை.

“நாலு சீட்டு,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“என்ன சொன்னீங்க?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லம்மா. நல்ல பிடி.”

கிளம்பும்போது லிஃப்ட் பொத்தானை அழுத்தினோம். வெளிச்சம் வரவில்லை. மறுபடி அழுத்தினோம். கீழிருந்து காவலாளி குரல் கொடுத்தார், மோட்டார் போய்விட்டதாம், உரிமையாளருக்குச் சொல்லியாயிற்றாம். வாசலில் நின்ற அக்கா கொறடாவைப் பார்த்துச் சொன்னாள்.

“சட்டப்படி முப்பது நாள் இருக்குங்க அவருக்கு.”

குத்திக் காட்டுகிறாளா, தகவல் சொல்கிறாளா என்று தெரியவில்லை. அவள் முகம் உள்ளே திரும்பியது. திங்கட்கிழமை அத்தான் பணிமனைக்குப் போக வேண்டும்.

இறங்க ஆரம்பித்தோம். கொறடா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தார். பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே ஏதோ வீட்டில் குழந்தை அழுதது, யாரோ மூச்சு வாங்கியபடி தண்ணீர்க் குடத்தோடு எங்களைத் தாண்டி ஏறிப்போனார். கொறடா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எழுதிக்க புலவரே. மூணு நாள். வாடகை நிறுத்தம்.”

“நான் இரங்கல் பிரிவுல இருக்கேன் ஐயா.”

“எழுதிக்க.”

“இது தோத்துடுமே.”

“தெரியும்.”

கொஞ்சம் தைரியம் வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் யாருக்கும் வரும். தோற்பதற்காக எழுத வேண்டுமா, ஜெயிப்பதற்காக எழுத வேண்டுமா, சொன்னால் அதற்குத் தகுந்தபடி எழுதுவேன் என்றேன். அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். 

“நாளைக்குக் காலையில விசில் டீச்சரைப் பாரு. மூணு நாள்னா எத்தனை பேர் வருவாங்க, ஏழு நாள்னா எத்தனை பேர் வருவாங்கன்னு கேட்டுட்டு வா,” என்றார். “அப்புறம் சொல்றேன்.”

கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன். கனமாகத்தான் இருந்தார். இன்னும் நாலு மாடி இருந்தது.